18 வாட் வால்வு ஆம்புக்கு 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி: ஒன்றா இரண்டா, பின்புறம் திறந்ததா மூடியதா?

கோவைக்கம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டு முழுவதும் மாலை நேரங்களில் உட்கார்ந்து, 1960-களின் நடுவில் மார்ஷல் நிறுவனம் செய்த 18 வாட் கிட்டார் ஆம்பின் (ஒலிபெருக்கிக் கருவியின்) சுற்றமைப்பைப் பின்பற்றி ஓர் ஆம்பை நானே கட்டி முடித்தேன். வெளியீட்டில் இரண்டு இ.எல்.84 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) இருக்கின்றன. வெளியீட்டு மின்மாற்றியில், மாட்டும் ஸ்பீக்கரின் மின்தடைக்கு ஏற்ப, 8 ஓம், 16 ஓம் என இரண்டு முனைகள் இருக்கின்றன. ஆம்ப் நன்றாகவே வேலை செய்கிறது. நண்பர் ஒருவரின் பெட்டியில் இணைத்துக் கேட்டபோது, இத்தனை நாள் பட்ட பாடு வீண்போகவில்லை என்று தோன்றியது.

சிக்கல் நானே செய்த பெட்டியில்தான். கடையில் '12 அங்குலம், 300 வாட்' என்று சொல்லிக் கொடுத்த ஒரு ஸ்பீக்கரை வாங்கி, வீட்டில் மிச்சமிருந்த எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் நாற்புறமும் அடைத்த பெட்டி செய்து பொருத்தினேன். அது காருக்குப் பின்னால் வைக்கும் வகை என்பதும், 4 ஓம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதில் வாசித்தால் போர்வைக்குள் இருந்து பேசுவது போல ஒலி வருகிறது. சத்தமும் மிகக் குறைவு. நண்பரின் பெட்டியில் காதைப் பிளந்த அதே ஆம்ப், இதில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லை.

மறுபடியும் முதலில் இருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த முறை எதை முதலில் தீர்மானிக்க வேண்டும், எந்த ஸ்பீக்கர் பொருந்தும், எந்த மரம், என்ன அளவு என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

மின்மாற்றி எழுதியது:

முதல் வேலையாக அந்த 4 ஓம் ஸ்பீக்கரை உங்கள் ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். 8 ஓம் முனையில் 4 ஓம் சுமையை மாட்டினால் வால்வுகளுக்கு எதிரே நிற்கும் சுமை பாதியாகிவிடும். வெளியீடு குறையும், வால்வுகளின் தேய்மானம் கூடும். அதற்காக ஸ்பீக்கரே இல்லாமல் ஆம்பை இயக்கிப் பார்த்துவிடவும் வேண்டாம். சுமை இல்லாத வால்வு ஆம்பில் மின்மாற்றியின் முதன்மைச் சுற்றில் எழும் மின்னழுத்தம் காப்புறையையே துளைத்துவிடக்கூடும்.

உங்களுக்குச் சத்தம் வராததற்குக் காரணம் வாட் அல்ல. ஒரு ஸ்பீக்கரின் மீது எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு ஒலியைத் தரும் என்பதைச் சொல்வது உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அந்த எண். உங்களுடையதைப் போன்ற கார் வூஃபர்களில் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்களில்) அது பெரும்பாலும் 88-ஐ ஒட்டி இருக்கும். நல்ல கிட்டார் ஸ்பீக்கர்களில் 97 முதல் 100 வரை இருக்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் மின்திறனில் பத்து மடங்கு. அதாவது 98 டெசிபல் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால், அந்த 88 டெசிபல் வூஃபரில் உங்கள் 18 வாட் ஆம்ப் 1.8 வாட் ஆம்பைப் போலத்தான் ஒலிக்கும்.

போர்வைக்குள் இருந்து வரும் குரலுக்கும் காரணம் உண்டு. கார் வூஃபரின் கூம்பு கனமானது. அதன் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கும். ஆழமான அதிர்வுக்காக அது முன்னும் பின்னும் நெடுந்தூரம் நகர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் இதற்கு நேரெதிர். மெல்லிய காகிதக் கூம்பு, அதே காகிதத்தின் மடிப்பாகவே அமைந்த விறைப்பான விளிம்பு, கூம்பை அசைக்கும் குட்டையான கம்பிச்சுருள். ஏறத்தாழ 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் அது உழைக்கும். அதற்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். அந்த இறக்கம் குறையல்ல, தேவை. ஆம்ப் சிதைத்துத் தரும் ஒலியின் கரகரப்பான மேல்பகுதியை வடிகட்டுவது அதுதான்.

தாழ்சுருதி எழுதியது:

நண்பரே, ஸ்பீக்கர் பெயர்களுக்குள் போகும் முன் ஒரு கேள்வி. இந்தப் பெட்டியை எங்கே வைத்து வாசிக்கப் போகிறீர்கள்? வீட்டு அறையிலா, மேடையிலா, ஒலிவாங்கி வைத்து வாசிக்கும் இடத்திலா? பின்புறம் திறந்ததா மூடியதா என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கூம்பு முன்னால் தள்ளும்போது அதே அளவு காற்றைப் பின்னால் இழுக்கிறது. பின்புறம் திறந்த பெட்டியில் அந்தப் பின்புற ஒலியலை வெளியே வந்து, பெட்டியின் ஓரங்களைச் சுற்றி முன்புற அலையைச் சந்திக்கிறது. தாழ்ந்த சுருதிகளில் இவை இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கான பெட்டியில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த இழப்பு படிப்படியாகத் தெரியும். திறந்த கம்பிகளில் கீழ் இ 82 ஹெர்ட்ஸ், ஏ 110, டி 147, ஜி 196 என்பதை நினைவில் வைத்தால், தடித்த நான்கு கம்பிகளின் அடிச்சுருதியும் இந்த எல்லைக்குள் வந்துவிடுவது புரியும். ஆனால் பின்புறத்தில் இருந்தும் ஒலி பரவுவதால் அறை முழுவதும் நிறைந்த உணர்வு கிடைக்கும். வாசிப்பவருக்குத் தன் ஒலி எங்கே நின்றாலும் கேட்கும். 1950-களின் ஃபெண்டர் நிறுவன ஆம்ப்கள் பெரும்பாலும் இப்படித்தான், பைன் மரப்பெட்டியும் திறந்த பின்புறமுமாக இருந்தன.

மூடிய பெட்டி அந்தப் பின்புற அலையை உள்ளேயே அடைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் காற்று கூம்புக்கு ஒரு வில் போல நிற்பதால், தாழ்சுருதி இறுக்கமாக, அடி விழுந்ததும் நிற்பதாக வரும். லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் நான்கு ஸ்பீக்கர் பெட்டியை முழுக்க மூடியதாகச் செய்தார். அக்காலத்து செலஸ்டியன் நிறுவன ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் தாங்கும் வாட் குறைவு என்பதால் நான்கைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த இறுக்கம் பின்னால் ராக் இசையின் குரலாகவே ஆகிவிட்டது. மூடிய பெட்டியின் விலை என்னவென்றால், ஒலி அம்பு போல நேராகப் போகும். நேர் எதிரே நிற்பவருக்குக் குத்தும். பக்கத்தில் நிற்பவருக்கு மந்தமாகக் கேட்கும்.

கோவைக்கம்பி எழுதியது:

இருவருக்கும் நன்றி. வூஃபரை அன்றிரவே கழற்றிவிட்டேன்.

பெரும்பாலும் வீட்டில், பன்னிரண்டடிக்குப் பதினான்கடி அறையில்தான் வாசிப்பேன். மாதத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ, ஏறத்தாழ 150 பேர் அமரும் ஒரு மண்டபத்தில் டிரம்ஸ், கீபோர்டுடன் சேர்ந்து வாசிக்கிறோம். அங்கே ஒலிவாங்கி வைப்பார்கள் என்று நம்ப முடியாது. வாசிப்பது பெரும்பாலும் ப்ளூஸும் பழைய ராக்கும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்யலாம் என்றுதான் ஆசை. ஆனால் நான் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன், மின்தூக்கி கிடையாது.

வடகடல் எழுதியது:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது டொரான்டோவில் இருப்பவன். பதினைந்து ஆண்டுகளில் ஏழு பெட்டிகள் செய்திருக்கிறேன்; ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். என் காதில் பட்டதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

செலஸ்டியன் ஜி12எம் கிரீன்பேக்: 25 வாட், 98 டெசிபல். நடுச்சுருதியில் மரத்தைத் தட்டினாற்போன்ற ஒரு கனிவு உண்டு. அடிப்பகுதி கொஞ்சம் தளர்ந்திருக்கும். சத்தம் ஏற ஏறக் கூம்பும் சேர்ந்து பாடத் தொடங்கும். உங்கள் ஆம்பின் சுற்றமைப்பு பிறந்த காலத்துக் குரல் வேண்டும் என்றால் இதுதான் முதல் வாசல்.

செலஸ்டியன் வின்டேஜ் 30: பெயரில் 30 இருந்தாலும் 60 வாட் தாங்கும், 100 டெசிபல். 1980-களின் நடுவில் வந்தது. 'வின்டேஜ்' என்ற சொல்லை நம்பிப் பழைய மென்மையை எதிர்பார்க்கக் கூடாது. இதன் மேல்நடுப்பகுதியில் ஒரு தெளிவான மேடு இருக்கிறது. நிறைய வாத்தியங்களுக்கு நடுவே கிட்டாரைத் துருத்திக் காட்டுவதற்கு அது மிக நல்லது. சிறிய அறையில், அதுவும் சிங்கிள் காயில் (கம்பியின் அதிர்வை ஒற்றைச் சுருளால் எடுக்கும்) கிட்டாரில், எனக்கு அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

செலஸ்டியன் ஜி12எச் 30 வாட் வகை: கனமான காந்தம், 100 டெசிபல். கிரீன்பேக்கை விடக் கீழே உறுதியும் மேலே பளபளப்பும் கூடுதல்.

செலஸ்டியன் ப்ளூ: அல்னிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம். 100 டெசிபல், ஆனால் 15 வாட் மட்டும். வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்பில் இரண்டாக வந்தது இதுதான். மணியோசை போன்ற ஒலி. விலையைப் பார்த்தால் நெஞ்சடைக்கும்.

ஜென்சன், எமினன்ஸ் ஆகிய நிறுவனங்களின் அமெரிக்கக் குரல் வேறு. நடுப்பகுதி சற்றுப் பள்ளமாக, இரு ஓரங்களும் விரிந்து, சுத்தமான வாசிப்புக்கு அழகாக இருக்கும். உங்கள் ஆம்ப் பிரித்தானியக் குடும்பம் என்பதால் அந்தப் பக்கம் நான் அனுப்பமாட்டேன். ஆனால் எழுதி வைத்த விதி எதுவும் இல்லை.

என் தீர்ப்பு: ஒரே ஒரு கிரீன்பேக், பின்புறம் பாதி திறந்த பெட்டி. வீட்டுக்கு அது போதும்.

மின்மாற்றி எழுதியது:

வடகடல் ஐயாவின் காதை நான் மதிக்கிறேன். ஆனால் 18 வாட் ஆம்புக்கு ஒரே ஒரு 25 வாட் ஸ்பீக்கர் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஓர் ஆம்பின் 18 வாட் என்பது ஒலி சிதையத் தொடங்கும் எல்லையில் அளந்த எண். கிட்டார் வாசிப்பவர் அந்த எல்லையில் நிற்பதில்லை. வேண்டுமென்றே அதைத் தாண்டுகிறார். அலையின் தலை தட்டையாகி ஏறக்குறையச் சதுர அலை ஆகும்போது, அதே உச்ச மின்னழுத்தத்தில் மின்திறன் இரு மடங்கை நெருங்கலாம். மின்வழங்கி தளர்வதால் முழு 36 வாட் வராது என்றாலும், 25-ஐத் தாண்டுவதற்கு வாய்ப்பு உண்டு. மண்டபத்தில் இரண்டு மணி நேரம் முழு ஒலியளவில் வாசித்தால் அந்தச் சுருள் சுடும். ஆம்பின் எண்ணுக்கு இரு மடங்கு தாங்கும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வதே நிம்மதி. கிரீன்பேக்கின் சாயலிலேயே 65 வாட் தாங்கும் கிரீம்பேக் வகை இருக்கிறது, 97 டெசிபல். ஒற்றை ஸ்பீக்கர்தான் என்றால் அதைப் பாருங்கள்.

வடகடல் எழுதியது:

நீங்கள் சொல்லும் கணக்கு சரி. வீட்டுப் பயன்பாட்டை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன். மண்டபத்தை மறந்தது என் பிழை. கிரீம்பேக் நல்ல ஸ்பீக்கர்தான். ஆனாலும் குறைந்த வாட் ஸ்பீக்கர் தன் எல்லையை நெருங்கும்போது தருகிற அந்தக் குழைவு அதில் அதே அளவில் கிடைக்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தாழ்சுருதி எழுதியது:

இருவர் சொல்வதும் பொருந்துகிற ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டிக்குப் பதிலாக, ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டைச் செய்யுங்கள். இரண்டிலும் 16 ஓம் கிரீன்பேக். வீட்டில் ஒரு பெட்டியை 16 ஓம் முனையில் மாட்டி, ஒலியளவைக் குறைத்து வாசியுங்கள். மண்டபத்தில் இரண்டையும் இணையாக மாட்டினால் 8 ஓம் ஆகும். ஆம்பின் 8 ஓம் முனைக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து 50 வாட் தாங்கும். இரண்டாவது மாடிக்குத் தூக்குவதும் ஒவ்வொன்றாக நடக்கும்.

இணையாக மாட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு ஸ்பீக்கரின் சுருள் அறுந்தாலும் மற்றது சுமையாக நிற்கும். ஆம்புக்கு 16 ஓம் தெரியும், அவ்வளவுதான். தொடராக மாட்டியிருந்தால் ஒன்று அறுந்த நொடியில் சுமையே இல்லாமல் போய்விடும்.

இழைப்புளி எழுதியது:

மரத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நான் தொழில்முறைத் தச்சன். கிட்டார் வாசிக்கத் தெரியாது. இசைக்குழு நண்பர்களுக்காகப் பெட்டிகள் செய்து பழக்கம்.

எம்.டி.எஃப் வேண்டாம். அது கனம், ஈரம் பட்டால் உப்பிவிடும், திருகாணியை விளிம்பில் இறக்கினால் பிளக்கும். தேர்வு இரண்டுதான்: திடமான பைன் பலகை அல்லது நல்ல பிளைவுட். பைன் இலேசானது, ஒலியோடு சேர்ந்து கொஞ்சம் அதிரும். திறந்த பெட்டிக்கு அது அழகு என்று வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நம் ஊரில் கிடைக்கும் பைன் பெரும்பாலும் பொதிப்பெட்டிகளைப் பிரித்த பலகை. முடிச்சு இல்லாமல், வளையாமல் 28 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேற்றுவது பெரும்பாடு. துண்டுகளை ஒட்டித்தான் அகலம் சேர்க்க வேண்டும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 (இந்தியத் தரக்குறியீடு) முத்திரை உள்ள மரைன் வகை, 18 மில்லிமீட்டர். கடையில் விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே எறும்புப் புற்று வாய் போலக் கருத்த ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். உள்ளே வெற்றிடம் உள்ள பலகை ஒரு குறிப்பிட்ட சுருதி வரும்போது உறுமும். பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பலகையைத் தரையில் நிறுத்தி, விரல் மூட்டால் ஓரடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே போங்கள். ஓசை ஓரிடத்தில் மட்டும் பொக்கென்று மாறினால் அங்கே குழி இருக்கிறது.

ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிக்கு நான் கைக்கொள்ளும் வெளியளவு: அகலம் 56, உயரம் 48, ஆழம் 28 சென்டிமீட்டர். எட்டடிக்கு நாலடிப் பலகையின் நீளவாக்கில் 28 சென்டிமீட்டர் பட்டை ஒன்றை அறுத்தால், மேல், கீழ், இரண்டு பக்கம் என நான்கும் அதிலேயே முடியும். மொத்தம் 208 சென்டிமீட்டர்தான். இரண்டு பெட்டிக்கு இரண்டு பட்டை போக, மீதமுள்ள ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு முகப்புப் பலகைகளும் பின்பலகைகளும் வந்துவிடும். ஒரே பலகையில் இரண்டு பெட்டி என்பது வீண்செலவு இல்லாத கணக்கு.

மூலைகளில் விரல் இணைப்பு வைத்தால் பெட்டி தலைமுறைக்கு நிற்கும். மரத்தைக் குடையும் ரவுட்டர் எந்திரமும் அச்சும் இல்லாதவர்கள் பாதிக் கனத்துக்குக் காடி எடுத்து, வெள்ளைப் பசை பூசி, உள்மூலையில் ரீப்பர் வைத்துத் திருகாணி முடுக்கலாம். பசை காயும் முன் மூலைமட்டத்தை நம்பி விட்டுவிடாமல், இரு மூலைவிட்டங்களையும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் பெட்டி சதுரம்.

ஸ்பீக்கர் ஓட்டையை உற்பத்தியாளர் தந்த அளவுக்கு வெட்ட வேண்டும். செலஸ்டியன் 12 அங்குலத்துக்கு 283 மில்லிமீட்டர். திருகுகளின் வட்டம் 297. இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 7 மில்லிமீட்டர் மரம்தான் என்பதால், ஜிக்சாவைக் கையால் ஓட்டினால் விளிம்பு கடித்துக்கொள்ளும். நடுவில் ஆணி அடித்து, அதைச் சுற்றும் பட்டைச் சட்டத்தில் ரவுட்டரைப் பூட்டி, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். சாதாரண மரத்திருகு வேண்டாம். ஸ்பீக்கரை இரண்டு முறை கழற்றி மாட்டினால் அந்த ஓட்டை தளர்ந்துவிடும். டீ-நட் (மரத்தில் பதியும் உலோக மறை) பதித்து எம்5 போல்ட் போடுங்கள்.

வடகடல் எழுதியது:

தச்சர் ஐயா சொன்னவை அத்தனையும் பொன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இங்கே நான் பால்டிக் பிர்ச் பிளைவுட்டைத்தான் பயன்படுத்துகிறேன். 18 மில்லிமீட்டரில் 13 அடுக்கு, வெற்றிடம் மிகக் குறைவு. திடமான பைனில் செய்த என் முதல் பெட்டி கனடாவின் பனிக்கால வறட்சியில் சுருங்கி ஒரு மூலை விட்டுப்போனது. உங்கள் ஊரின் காற்று வேறு. ஆனாலும் பருவத்துக்குப் பருவம் ஈரம் ஏறி இறங்கும் எந்த ஊருக்கும் பிளைவுட் பாதுகாப்பு.

கோவைக்கம்பி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். மரைன் பிளைவுட்டில் ஒற்றைப் பெட்டிகள் இரண்டு. 16 ஓம் கிரீன்பேக் இரண்டு. பின்பலகையைக் கிடைமட்டமாக மூன்று துண்டாக்கி, மேலும் கீழும் நிலையாகவும், நடுத்துண்டு மட்டும் திருகு கழற்றி எடுக்கும்படியும் செய்யப் போகிறேன். நடுத்துண்டை எடுத்தால் பாதி திறந்த பெட்டி; மாட்டினால் மூடிய பெட்டி. இது சரிப்படுமா?

தாழ்சுருதி எழுதியது:

நன்றாகவே சரிப்படும். நடுத்துண்டு உட்காரும் ரீப்பர் முழுவதும் மெல்லிய நுரைப்பட்டை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியபோது காற்று சீறும். திறந்து வாசிக்கும்போது பெட்டியைச் சுவரில் இருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள்.

கோவைக்கம்பி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். இரண்டு பெட்டிகளும் முடிந்துவிட்டன. ஆசாரி ஒருவரின் பட்டறையில் பட்டைகளை மட்டும் அறுத்து வாங்கிக்கொண்டு மற்றவற்றை வீட்டிலேயே செய்தேன். வெளியே கறுப்பு ரெக்சின், மூலைகளில் உலோகப் பூண், பக்கவாட்டில் கைப்பிடி. எடைபோட்டால் ஒவ்வொன்றும் 17 கிலோ.

உள்ளே 16 கேஜ் ஸ்பீக்கர் கம்பி போட்டேன். இரண்டு பெட்டிகளின் திசையும் ஒன்றாக இருக்கிறதா என்று 9 வோல்ட் பேட்டரியை ஜாக் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பார்த்தேன். நேர்முனை நேர்முனையில் பட்டபோது இரண்டு கூம்புகளும் முன்னால் துள்ளின.

முதல் பெட்டி நான் கனவு கண்டதை விட நன்றாக இருக்கிறது. இரண்டாவது பெட்டியில் ஒரு குறை. திறந்த ஏ கம்பியைத் தட்டினால், அந்தச் சுருதியோடு ஒட்டாத ஒரு கரகரப்பு வருகிறது. அதே சுருதியைக் கீழ் இ கம்பியின் ஐந்தாம் கட்டத்தில் வாசித்தாலும் வருகிறது. முதல் பெட்டியில் அது இல்லை. ஸ்பீக்கர் பழுதோ என்று கவலையாக இருக்கிறது.

மின்மாற்றி எழுதியது:

ஸ்பீக்கர் மீது பழி போடும் முன் தேடிப் பாருங்கள். கைப்பேசியில் ஒலி அலை உண்டாக்கும் செயலி ஒன்றை இறக்கி, குறைந்த ஒலியளவில் ஆம்புக்குக் கொடுத்து, 80 ஹெர்ட்ஸில் இருந்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். கரகரப்பு எங்கே உச்சமாகிறதோ அங்கேயே நிறுத்திவிட்டு, கைப்பிடி, ஜாக் தகடு, மூலைப் பூண், பின்பலகை என ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தியதும் நிற்கும் இடத்தில் குறை இருக்கிறது. எதிலும் நிற்காவிட்டால் நடுத்துண்டைக் கழற்றி, கைவிளக்கை உள்ளே காட்டிக் கூம்பின் பின்புறத்தைப் பாருங்கள்.

இழைப்புளி எழுதியது:

பயன்படுத்தாத டீ-நட் எதையாவது உள்ளே விட்டுவைத்தீர்களா என்றும் பாருங்கள். நான் ஒரு முறை மூன்று நாள் தேடியிருக்கிறேன்.

கோவைக்கம்பி எழுதியது:

கண்டுபிடித்துவிட்டேன். 105-இல் மெல்லத் தொடங்கி 110-இல் உச்சமாகி 115-இல் அடங்கியது. வெளியே எதை அழுத்தினாலும் நிற்கவில்லை. நடுத்துண்டைக் கழற்றி விளக்கடித்தபோது, கூம்பின் பின்புறக் காகிதத்தில், பென்சிலால் இழுத்தது போல ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. ஒரு விரலகல நீளம். ஜாக்கில் இருந்து ஸ்பீக்கர் முனைக்கு வரும் கம்பியை நான் வேண்டிய நீளத்துக்கு மேல் விட்டிருந்தேன். அது வளைந்து தொங்கி, கூம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது. அந்தக் கோடு ரப்பர் உறை உரசி உரசி விழுந்த தடம். கம்பியை விரலால் நகர்த்தியதும், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரகரப்பு துண்டித்தாற்போல நின்றுவிட்டது. கம்பியைக் குட்டையாக்கிச் சட்டத்தின் காலோடு கட்டிவிட்டேன். காகிதம் கிழியவில்லை. இழைப்புளி ஐயா கேட்ட டீ-நட் எதுவும் இல்லை.

வடகடல் எழுதியது:

மகிழ்ச்சி, தம்பி. புது ஸ்பீக்கர்கள் முதலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இருபது முப்பது மணி நேரம் வாசித்த பிறகுதான் விளிம்பு தளர்ந்து அடிப்பகுதி திறக்கும். அதற்குள் ஆம்பின் குமிழ்களை மாற்றி மாற்றி அலைய வேண்டாம்.

கோவைக்கம்பி எழுதியது:

நேற்று மண்டபத்தில் வாசித்தோம். இரண்டு பெட்டிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஆம்பை 8 ஓம் முனைக்கு மாற்றினேன். கீழ்ப்பெட்டியின் நடுத்துண்டை மாட்டி மூடியதாகவும், மேல்பெட்டியைத் திறந்தும் வைத்துப் பார்த்தேன். கீழே இருந்து தாழ்சுருதி இறுக்கமாக வந்தது. மேலே இருந்தது டிரம்ஸ் வாசிப்பவர் வரைக்கும் பரவியது. மேல்பெட்டி காது உயரத்துக்குச் சற்றுக் கீழே வந்ததால், இதுவரை முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒலியளவை ஐந்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மண்டபத்தின் பின்வரிசையில் நின்ற நண்பர், கிட்டாரின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது இரண்டாவது பெட்டியின் ஸ்பீக்கர் போல்ட்கள் சற்றுத் தளர்ந்திருந்தன. எவ்வளவு இறுக்கலாம்?

இழைப்புளி எழுதியது:

ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை முதல் சில வாரங்களில் அமுங்கும், அதனால்தான் தளர்கிறது. எதிரெதிர்ப் போல்ட்களாக, சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் முடுக்குவது போல, ஒவ்வொன்றையும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் முடுக்குங்கள். ஸ்பீக்கரின் சட்டம் அழுத்தி வடிவமைத்த தகடுதான். ஒரு பக்கம் மட்டும் பலமாக இழுத்தால் அது கோணி, சுருள் காந்த இடைவெளியில் உரசத் தொடங்கும். முடுக்கிய பிறகு கூம்பின் நடுமூடியைச் சுற்றி இரு கை விரல்களை வைத்து, மெதுவாக, நேராக உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசல் ஓசை எதுவும் கேட்காமல் போய்வந்தால் சரியாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.